மிலிட்டரிக்காரர் பென்ஷன்: அன்றும் இன்றும்

1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை, திண்டிவனத்து முன்னாள் படைவீரர் மாவட்டத் தலைமையகத்துக்குப் போக வேண்டுமென்றால் கடலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஊரில் அவருக்குப் பெயர் 'மிலிட்டரிக்காரர்'. டிரங்குப் பெட்டியின் அடியில் டிஸ்சார்ஜ் புத்தகமும் பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணைத் தாளும் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் ஆவணங்கள் வெலிங்டனில். பென்ஷனை நிர்ணயிக்கும் அலுவலகம் அலகாபாத்தில். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும் ஆள் தேட வேண்டும். அவர் காலமான பின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும் மனைவியிடம், "நான் முடிச்சுத் தரேம்மா" என்று ஒருவர் வருவார். வேலை முடியும், நிலுவைத் தொகையில் ஒரு பங்கும் போகும்.

பென்ஷனைக் காட்டிக் கடன் வாங்கும் வழக்கம் அதைவிடப் பழையது. வரப்போகும் ஓய்வூதியத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் செல்லாது என்கிறது 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம். அப்படியொரு பிரிவை எழுத வேண்டியிருந்ததே, மீதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆனாலும் அன்று ஏமாற்றியவருக்கு முகம் இருந்தது. மறுநாள் டீக்கடையில் மடக்கிக் கேட்கலாம்.

இன்று விழுப்புரத்திலேயே முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் இருக்கிறது. பிரயாக்ராஜ் ஆகிவிட்ட அலகாபாத்திலிருந்து 'ஸ்பர்ஷ்' என்னும் இணைய அமைப்பு வழியாகப் பென்ஷன் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. நவம்பர்தோறும் உயிர்வாழ் சான்றிதழில் பச்சை மைக் கையெழுத்து வாங்க நின்ற காலமும் போயிற்று. 2014-இல் ஜீவன் பிரமாண் என்னும் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வந்தது. 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். இடைத்தரகர் ஒதுங்கிக்கொண்டார். அவர் நின்ற இடத்தில் இப்போது போன் மணி அடிக்கிறது.

"ஐயா, பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். லைஃப் சர்ட்டிபிகேட் ஏறல. இன்னைக்குள்ள முடிக்கலன்னா பென்ஷன் நின்னுடும். ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

பி.பி.ஓ. எண்ணையும் ஓய்வு பெற்ற தேதியையும் அவனே சொல்லுவான். நம்பிக்கை வருவது அங்கேதான். பழைய தரகர் பங்கு கேட்டார். இவன் கணக்கையே துடைத்துவிடுகிறான். போனில் ஓடிபி வாங்கி உயிர்வாழ் சான்றிதழைப் பதிவு செய்து தரும் அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. பணம் போய்விட்டால் கூச்சப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

இரவுக் காவலில் நின்றவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "தம்! கோன் ஆத்தா ஹை?" (நில்! யார் வருவது?) என்று கேட்பது காவல்காரர், கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டியது இருட்டிலிருந்து வருகிறவன். வந்தவன் கேட்டான் என்று எந்தக் காவல்காரரும் கடவுச்சொல்லை எடுத்துக் கொடுத்ததில்லை. ஓடிபியும் கடவுச்சொல்தான். போன் மணி அடித்தால், ஐயா, காவலில் நிற்பது நீங்கள்தான்.