இணையவழிப் படிப்பும் மனக்கசப்பும்

1990இல் தீவகத்தை விட்டு வெளிக்கிட்ட சுருவில் குடும்பங்களுக்குப் பாடசாலை இழப்பது புதிதல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைத்தொலைபேசிக்குப் போனது. மனக்கசப்பும் அங்கேதான் தொடங்கியது.

ஆசிரியர் காலையில் வட்ஸ்அப்பில் பயிற்சி அனுப்புவார். வீட்டிலிருக்கும் ஒரே தொலைபேசியோ தோட்டத்துக்குப் போன தகப்பனின் சட்டைப்பையில். பிள்ளை இரவில்தான் பார்க்கும். "பிள்ளை பதில் அனுப்புவதில்லை" என்று ஆசிரியர் குறைப்பட, "படம் எடுத்து அனுப்பினால் படிப்பித்ததாகுமா?" என்று தாய் கேட்பார். டேட்டாவுக்கு இரு தரப்பும் சொந்தக் காசைத்தான் கொட்டினர். அது பேச்சில் வரவேயில்லை. கொழும்புக்குக் கிழக்கே போகிட்டியாவ கிராமத்தில் சிக்னல் தேடி ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே பாறையில் ஏறினர். அங்கே ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிந்தது.

2021 யூலை 12இல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. தொழிற்சங்கத்தினர் கைதானதும், 24 வருடச் சம்பள முரண்பாடும் காரணங்கள். பெற்றோர் கண்டதோ பேசாமற் கிடந்த தொலைபேசியை மட்டுமே. ஒக்டோபர் 25இல்தான் ஆசிரியர்கள் பாடசாலைக்குத் திரும்பினர்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டாலும் பாடசாலைகள் மூடின. இனியும் மூடலாம். அப்போது ஆசிரியரிடம் முதலில் சொல்லவேண்டியது, தொலைபேசி எத்தனை மணிக்குப் பிள்ளையின் கைக்கு வரும் என்பதே. தொலைபேசியே இல்லாவிட்டால் அதையும் வெட்கப்படாமல் சொல்லி, பயிற்சியைத் தாளில் கேளுங்கள்.