பின்னோக்கி எண்ணும் பயிற்சி

செடெனாக் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களை அறிந்தோர்க்குத் திட்ட மேலாண்மை புதிதன்று. கன்று நாற்றங்காலில் ஏறத்தாழ ஓராண்டு வளர வேண்டும். நட்டபின் குலை வெட்ட இரண்டரை, மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே விதையிடுகின்றனர். பல்கலைக்கழகப் பணியாளர்க்கான பயிற்சியிலும் முதற்கண் கற்பிக்கத்தக்கது இக்கணக்கே என்பது எம் கருத்து.

எண்ணத் தொடங்குமுன் முடிவிடம் எதுவெனத் தெளிதல் வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1964 ஜனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. 27 மாதங்கள் கழித்து, 1966 ஏப்ரலில், அதன் முதல் மாநாட்டை மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவர் தனிநாயகம் அடிகளார் கோலாலம்பூரில் கூட்டினார். கட்டுரைத் தொகுதிகள் இரண்டும் வெளிவந்து முடிய 1969 ஆயிற்று. பந்தல் பிரித்த நாளையே முடிவெனக் கொள்வோர் (நம்மில் பலர் அத்தகையோரே) இப்பின்பணிக்கு ஆளும் பணமும் ஒதுக்குவதில்லை.

பயிற்சியில் கற்பனைத் தொழிற்சாலை வேண்டா. தத்தம் பட்டமளிப்பு விழாவையே எடுத்துக்கொள்க. சான்றிதழ் அச்சேறுமுன் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கப்பட வேண்டும். அதற்குமுன் தேர்வு முடிவுகள் உறுதிப்பட வேண்டும். எப்பணி ஒரு நாள் பிந்தினால் பட்டதாரி வெறுங்கையுடன் திரும்ப நேருமோ, அதனைச் சிவப்பு மையால் குறித்து, பொறுப்பாளர் பெயரை அருகில் எழுதுக.