மலையகத்து நெகட்டிவ்களும் அவற்றுக்கேற்ற வருடியும்

மஸ்கெலியாவின் பழைய பட்டினம் இன்று நீரின் கீழ் உள்ளது. 1969 ஆம் ஆண்டில் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் ஒருங்கே மூழ்கின. வறட்சி மிக்க ஆண்டுகளில் நீர் வற்றும்போது கோயிலின் சிதைந்த பகுதிகள் வெளித்தோன்றுவதும், அவற்றைக் காண மக்கள் திரள்வதும் யாவரும் அறிந்தவையே. ஆயின், அப்பட்டினம் உயிரோடிருந்த நாளில் எவ்வாறு காட்சியளித்தது என்பதை அறிய விரும்பும் மாணவனுக்கு முதியோரின் நினைவையன்றி எஞ்சியுள்ள சான்று அக்காலத்து நிழற்படங்களேயாம். அவற்றுள்ளும் தாளில் அச்சிட்ட படங்கள் கையாலும் புகையாலும் கறையான்களாலும் கெட்டன. ஸ்டூடியோக்களின் தகரப் பெட்டிகளிலும் வீட்டுப் பெட்டகங்களிலும் கிடக்கும் நெகட்டிவ்களே ஓரளவு தப்பின.

நெகட்டிவ் என்பது வீ.பீ. தேயிலைக்குத் தாய்ச்செடி எத்தன்மையதோ நிழற்படத்துக்கு அத்தன்மையது. ஒன்றிலிருந்து எத்தனை படிகளும் எடுத்துக்கொள்ளலாம். அது அழியின் அக்குலமே முடிந்தது. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மைக்கு வேறொரு பொருளும் உண்டு. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களின் நாட்டுரிமையைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படுமென அவ்வொப்பந்தம் விட்டுவைத்தது. அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 இல் முடிவாயிற்று. விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் வேண்டியிருந்தமையால் லயத்தைவிட்டு அதிகம் வெளிச்செல்லாத குடும்பங்களும் ஸ்டூடியோவின் திரைமுன் நின்றன. பிரியப்போகும் அண்ணன் தம்பியர் ஒருமுறை சேர்ந்து படமெடுத்துக்கொள்வதும் உண்டு. அச்சுப்படங்கள் தலைமன்னார் வழியே கப்பலேறிச் சென்றன; நெகட்டிவ்களோ இங்கேயே தங்கின. தமிழ்நாட்டில் நீலகிரியிலோ திருச்சியிலோ வாழும் பேரன் ஒருவனுக்குத் தன் பாட்டனாரின் முகம் அட்டனில் யாரோ ஒருவருடைய பெட்டியில் இன்னும் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இந்நெகட்டிவ்களைக் கணினிக்குரிய எண்ணிமப் படங்களாக மாற்றிக் காக்கவேண்டுமென்ற கருத்து இப்போது பாடசாலைகளிலும் சங்கங்களிலும் பரவி வருகின்றது. நற்கருத்தே. ஆயின், அதற்குரிய வருடி, அதாவது ஸ்கேனர், எத்தகையது என்று ஆராயாது பணம் செலவிடுவோர் பலர். எந்த வருடி சிறந்தது என்று கடைக்காரரை வினவுமுன், நம் பெட்டியில் இருப்பது யாது என்று நம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அலுவலகங்களில் கடிதங்களைப் படியெடுக்கும் வருடி தாளின்மேல் ஒளியைப் பாய்ச்சி, அது தெறித்து வருவதைப் பதிவுசெய்வது. நெகட்டிவோ ஒளியைத் தன்னூடே செலுத்திக் காணத்தக்கது. ஆகவே, மூடியின் உட்புறத்தே விளக்கு அமைந்து, மேலிருந்து ஒளி கீழே ஊடுருவி வரும் வருடியே நமக்கு வேண்டும். இவ்விளக்கில்லாத வருடியில் நெகட்டிவை வைத்தால் கரிய துண்டொன்றின் படம் கிடைக்குமேயன்றி மனிதர் முகம் கிடைக்காது.

இனிப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். மலையகத்துப் பழைய பெட்டிகளில் மூவகை அளவுகள் காணப்படும். ஸ்டூடியோவினுள்ளே எடுத்த உருவப் படங்கள் பெரிய கமராவில் கண்ணாடித் தட்டிலோ தனித்தாள் பிலிமிலோ அமைந்தவை. அரைத் தட்டு எனப்படுவது 4¾ அங்குல அகலமும் 6½ அங்குல நீளமும் உடையது. திருமணம், காமன்கூத்து, தேர், பாடசாலை விழா, இறந்தார் வீடு ஆகியவற்றுக்கு வெளியே சென்று எடுத்தவை பெரும்பாலும் 120 என்னும் சுருள் பிலிமில், 56 மில்லிமீற்றர் சதுரமாக அமைந்தவை. பிற்காலத்தனவாகிய 35 மில்லிமீற்றர்ப் பிலிமில் ஒரு படம் 36 க்கு 24 மில்லிமீற்றர் அளவினது. வண்ண ஸ்லைட்டுகளிலும் பெரும்பாலானவை இக்கடைசி அளவினவே. அவற்றைப் பெரிதும் எடுத்தோர் தோட்டத் துரைமாரும் பாதிரிமாருமாவர்.

அளவை அறிந்தபின்னரே பிரிதிறன் என்னும் கணக்குக்கு வரலாம். ஓர் அங்குல நீளத்தை எத்தனை புள்ளிகளாக வருடி பிரித்தறிகின்றது என்பதே பிரிதிறன். கருவிகளின் பெட்டிமேல் 6400, 7200 என்று பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை இயந்திரம் எத்தனை முறை நின்று அளக்கின்றது என்பதைக் குறிப்பனவன்றி, அதன் வில்லை எவ்வளவு நுண்மையைக் காண்கின்றது என்பதைக் குறிப்பனவல்ல. எப்சன் வீ600 என்னும் தட்டை வருடி 6400 என்று கூறிக்கொள்ளினும், சோதனை அட்டையை வைத்து அளந்தோர் கண்டது ஏறத்தாழ 1500 அல்லது 1600 புள்ளிகளே. அதனினும் பன்மடங்கு விலையுள்ள வீ850 உம் 2300 அளவில் நிற்கின்றது. 35 மில்லிமீற்றர்ப் பிலிமுக்கென்றே செய்யப்பட்ட பிளஸ்டெக் 8200 போன்றவை 7200 என்று விளம்பினும் மெய்யாகத் தருவது 3000 க்குச் சற்று மேற்பட்டதே. மெய்ப் பிரிதிறனுக்கு மேற்பட்ட எண்ணில் வருடுவதால் கோப்பு பருக்குமேயன்றிப் படம் தெளியாது. நீரைக் கூட்டினால் தேநீரின் அளவு கூடும், சாயம் கூடுமா?

இவ்வெண்களை மேற்சொன்ன அளவுகளோடு பொருத்திப் பார்க்க. மெய்யாக 1600 புள்ளிகள் தரும் எளிய தட்டை வருடியில் 35 மில்லிமீற்றர்ப் படம் ஒன்று நீளத்தில் 2268, அகலத்தில் 1512 ஆக ஏறத்தாழ 34 இலட்சம் புள்ளிகளையே தரும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமெனக் கொள்ளின், அஃது 7½ அங்குல நீளத்துக்கு மேல் பெரிதாக்கத் தகாது. அதே வருடியில் 120 பிலிமின் சதுரப் படம் ஒரு பக்கத்துக்கு 3500 புள்ளிக்கு மேலாக, மொத்தம் 1 கோடியே 24 இலட்சம் புள்ளிகளைத் தரும். ஏறக்குறைய 12 அங்குலச் சதுரமாக அச்சிட்டுச் சுவரில் தொங்கவிடலாம். அரைத் தட்டுக்கோ அங்குலத்துக்கு 1200 புள்ளியே போதும். 4 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் வந்துவிடும். எனவே, சிறிய பிலிமை வைத்திருப்பவனுக்குக் குறைபாடுடையதாகத் தோன்றும் தட்டை வருடி, பழைய ஸ்டூடியோவின் பெட்டியை வைத்திருப்பவனுக்கு நிறைவான கருவியாகின்றது. மறுதலையாக, 35 மில்லிமீற்றர் வருடியை வாங்கியவன் தன் பெட்டியிலுள்ள மிக அரிய கண்ணாடித் தட்டுகளை அதனுள் நுழைக்கவே இயலாது.

தட்டை வருடிகளுக்குள்ளும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. வீ600 இன் மூடியிலுள்ள விளக்கு 2¾ அங்குல அகலம்கூட இல்லாத ஒடுங்கிய பட்டையாக அமைந்துள்ளது. 120 பிலிமுக்கு அது போதும். அரைத் தட்டை ஒருங்கே வருட இயலாது. வீ850 போன்றவற்றின் விளக்கு 8 க்கு 10 அங்குலப் பரப்பை ஒளிர்விப்பது. கருவிகளின் பெயர்களும் எண்களும் ஆண்டுதோறும் மாறுவன. வாங்குவோர் எண்ணை மனனஞ்செய்வதை விட்டு, மூடியிலுள்ள விளக்கின் பரப்பைக் கோலால் அளந்து பார்ப்பாராக.

அடர்த்தி பற்றிச் சிறிது கூறவேண்டும். அடர்த்தி 3 என்றால் அவ்விடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே ஊடுருவுகின்றது என்பது பொருள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அவ்வளவு கரியன அல்ல. எளிய வருடியும் அவற்றை ஊடுருவிக் காணும். ஸ்லைட்டின் நிழற்பகுதிகளோ அதனினும் கரியன. துரையின் பங்களா முற்றத்தில் வெயில் படிந்திருக்க, மரநிழலில் நிற்கும் தொழிலாளியின் முகம் அவ்விருளிலேதான் இருக்கும். குறைந்த வருடியில் அம்முகம் வெறுங்கருமையாகி மறையும். ஆகவே, ஸ்லைட்டுகள் மிகுந்த தொகுதிக்கே உயர்ந்த அடர்த்தி காணும் கருவிக்காகப் பணம் செலவிடல் தகும். ஸ்லைட்டுகளிலும், 1935 முதல் 2009 வரை செய்யப்பட்ட கொடக்குரோம் இருளில் வைக்கப்பட்டால் நிறம் குன்றாது நீடிப்பது. பிறவற்றுட் பல நீலச்சாயம் இழந்து செம்மை பாய்ந்து நிற்கும். அவற்றைக் காலந்தாழ்த்தாது முதலில் எடுத்துக்கொள்ளல் நன்று.

விற்பனையாளர் பெரிதும் புகழ்வது, தூசியையும் கீறலையும் தானே நீக்கும் செங்கீழ்க் கதிர் அமைப்பு. வண்ணப் பிலிமின் சாயங்கள் செங்கீழ்க் கதிரைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி தூசியிருக்கும் இடத்தை அறிந்து நிரப்புகின்றது. ஆயின், கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவமே வெள்ளியால் ஆனது. வெள்ளி அக்கதிரைத் தடுப்பதால் கருவி முகத்தையும் தூசியென மயங்கிச் சிதைக்கும். கொடக்குரோமிலும் அது செவ்வனே இயங்குவதில்லை. நம் தொகுதிகளிற் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையாதலின், இவ்வசதிக்கென மேலதிக விலை கொடுப்பது வீண்செலவு. காற்றூதும் ரப்பர்க் குமிழும் மென்தூரிகையும் பொறுமையும் அதனினும் மலிந்தவை.

நம் பகுதியின் மெய்யான பகை தூசியன்று, பூஞ்சணமே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை பருவக்காற்று மழை ஓயாது; துணி காயாத அந்நாட்களில் பிலிமும் காய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65 இற்கு மேல் நெடுநாள் நிற்பின், பிலிமின்மேற் பூசிய ஜெலற்றினைப் பூஞ்சணம் உணவாகக் கொள்ளும். அவ்வாறு பற்றிய நெகட்டிவை நீரில் கழுவப் புகுவோர் உளர். பூஞ்சணம் அரித்த ஜெலற்றின் நீரிற் கரையுமாதலின், அழுக்கோடு உருவமும் போய்விடும். உலர்ந்த நிலையில் மெல்லத் துடைத்து, இருந்தவாறே வருடிக்கொள்வதே பாதுகாப்பு. புளித்த காடியின் நாற்றம் வீசும் பிலிம் தன் அடித்தளம் சிதையத் தொடங்கியதென்று தானே அறிவிக்கின்றது; அதனைப் பிறவற்றினின்று பிரித்து முதலில் வருடுக. 1950 களின் தொடக்கத்துக்கு முற்பட்ட பிலிம்களுள் எளிதில் தீப்பற்றும் நைற்றிரேற்று வகையும் இருக்கக்கூடுமாதலால், அத்தகையனவற்றை அடுப்புக்கு அண்மையிலோ தகரக் கூரையின் கீழ் வெயிலிலோ வைத்தலாகாது.

பிலிம் நேரே கண்ணாடியைத் தொடின் எண்ணெய்ப் படலம்போன்ற நிற வளையங்கள் தோன்றும்; இவை நியூட்டன் வளையங்கள் எனப்படும். வருடியுடன் வரும் பிலிம் தாங்கி இதனைத் தடுப்பது. இரண்டாங்கையாக வாங்குவோர் கருவி இயங்குகின்றதா என்பதோடு தாங்கிகள் உள்ளனவா என்பதையும் கேட்டறிக.

வருடியே இன்றி, எண்ணிமக் கமராவைத் தாங்கியொன்றிற் பொருத்தி, அண்மைக் காட்சி வில்லையால் ஒளித்தட்டின்மேல் வைத்த நெகட்டிவைப் படமெடுக்கும் முறையும் உண்டு. 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் உடைய கமரா 35 மில்லிமீற்றர்ப் படத்தை முழுச் சட்டகத்தில் எடுக்கும்போது அங்குலத்துக்கு 4000 புள்ளிக்கு மேல் அமையும், வேகமும் மிகும். கமராவும் வில்லையும் ஏற்கெனவே உடைய சங்கத்துக்கு இதுவே மலிவான வழி. ஆயின், கமராவும் நெகட்டிவும் இணையாக நிற்றல் வேண்டும். மாணவர் குழுவொன்று மாறி மாறிச் செய்யும் வேலைக்குத் தட்டை வருடியே தவறு குறைந்தது என்பது என் கருத்து. சிறு திரையுடன் மலிவாக விற்கப்படும் பெட்டிக் கருவிகளை நான் பரிந்துரையேன். அவற்றிற் பல படத்தைச் சுருக்கிய கோப்பாக மட்டுமே தருவன.

கறுப்பு வெள்ளைச் சதுர நெகட்டிவ் ஒன்றை 2400 புள்ளியில், 16 பிட் சாம்பல் நிறத்தில், டிஃப் கோப்பாகச் சேமிப்பின் 56 மெகாபைற் ஆகும். ஆயிரம் நெகட்டிவ்களும் 56 கிகாபைற்றுள் அடங்கும். இது சட்டைப்பையில் அடங்கும் வன்தட்டுக்கே சிறு சுமை. ஆயினும் ஒரு படியோடு நில்லாது இரண்டு படிகளை இரு வேறு ஊர்களில் வைத்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை அறிந்த நாட்டினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கு ஒரு படி வழங்கின் அது பிறர்க்கும் பயன்படும்.

வருடி எத்துணை உயர்ந்ததாயினும் அதனால் அறிய முடியாதது ஒன்றுண்டு. அது படத்திலுள்ளாரின் பெயர். ஆங்கில நிழற்படக் கலையின் முன்னோடியருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, போகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ்செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த அறிஞர் பெருமக்களின் படங்கள் பெயரோடு விளங்குகின்றன. இலங்கையில் எடுத்த உழைப்பாளரின் படங்களோ பெரும்பாலும் பெயரற்ற முகங்களாகவே நிற்கின்றன. ஆதலின், ஒவ்வொரு கோப்புக்கும் வரிசை எண் இட்டு, அவ்வெண்ணையே நெகட்டிவின் உறைமேல் பென்சிலால் எழுதி, தனிப் பேரேட்டில் ஆண்டு, தோட்டம், டிவிஷன், நிற்போர் பெயர் ஆகியவற்றைப் பதிக. தோட்டத்துக்குப் பதிவேட்டு ஆங்கிலப் பெயர் ஒன்றும் மக்கள் வழங்கும் தமிழ்ப்பெயர் ஒன்றும் இருப்பின் இரண்டையும் எழுதுக. தமிழ்நாட்டிலிருந்து தேடுவோர் பாட்டி வாயிலாகக் கேட்ட தமிழ்ப்பெயரையே அறிவர். பெயர்களைக் கூறத்தக்க முதியோர் எண்பதைக் கடந்தவர்கள். வருடி வாங்கப் பணம் சேருமளவும் காத்திராது, நெகட்டிவை வெள்ளைத்திரையுடைய கைத்தொலைபேசியின்மேற் பிடித்து மற்றொரு தொலைபேசியாற் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டினும், அவர்கள் முகங்களை அடையாளங்காண அது போதும். வருடல் வேலையைப் பின்னர்த் திருந்தச் செய்யலாம். பேரேட்டை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். வருடி முடித்த நெகட்டிவ்களையும் எறிந்துவிடாது, அமிலமற்ற தாளுறையிலிட்டு ஈரமுறிஞ்சும் சிலிக்காவுடன் மீண்டும் பெட்டியில் வைக்க.