அகத்தியமலைக்கு ஒரு ஜின்செங்

சீன மருந்துக்கடைகளில் ஜின்செங் வேர் ஆள் உருவத்தை ஒத்திருந்தால் விலை தாறுமாறாக ஏறும். களைப்பை நீக்கி உடம்புக்குத் தெம்பு கொடுக்கும் என்று அதற்குப் பெயர். அதே பெயரை வாங்கிய செடி ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்து அகத்தியமலைக் காட்டிலும் இருக்கிறது. ஆனால் இதில் சரக்கு வேரில் இல்லை, இலையிலும் காயிலும்தான்.

1987 டிசம்பரில் தாவரவியலாளர் புஷ்பாங்கதனின் ஆய்வுக் குழு மலையேறியது. வழிகாட்ட வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயை மென்றபடியே அலுக்காமல் நடந்தார்கள். மூச்சு வாங்கியது பட்டணத்தார்தான். என்ன காய் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயமாம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள்.

அதுதான் ஆரோக்கியபச்சை. ஓடைக்கரை நிழலில் தரையோடு ஒட்டி வளரும். தண்டுக்கு ஒரே ஓர் இலை, அந்த இலையின் அடியிலேயே பூ. வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் நம்பச் சிரமம்தான்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இந்த இலையோடு அமுக்கராக்கிழங்கு, மிளகு வகை, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆரிய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் தருவதாக ஒப்பந்தம் போட்டு உரிமம் வாங்கியது. அதில் பாதி காணிகளுக்கு என்று ஆய்வு நிறுவனமே முடிவெடுத்ததுதான் பெரிய செய்தி. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுக்க இந்தியாவில் அப்போது சட்டமே கிடையாது. உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-ல்தான் வந்தது. 1997-ல் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாகி, 1999-ல் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் அதன் கணக்கில் சேர்ந்தது. உலகக் கருத்தரங்குகளில் இன்றும் இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

எல்லாரும் கைதட்டவில்லை. தங்கள் வைத்தியத்தை விற்றுவிட்டதாகப் பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர் கொதித்தார்கள். அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வனத்துறையிடமிருந்து வந்தது. காணிக் குடும்பங்களைக் கொண்டு செடியைப் பயிரிட்டு இலை வாங்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, காட்டுச் செடியையே வேரோடு பிடுங்கிக் கடத்துகிறார்கள் என்று இலை எடுக்கத் தடை விழுந்தது. காட்டுக்கு வெளியே வளர்க்கலாமே என்றால், அங்கே இலையின் வீரியம் குறைகிறது என்றார்கள். ஜின்செங்கைச் சீனாவும் கொரியாவும் பந்தல் போட்டுப் பயிராக்கிவிட்டன. இந்தச் செடி அப்படி வளைந்து கொடுக்கவில்லை. மருந்துக்கு உரிமம் இருந்தது, இலைக்கு அனுமதி இல்லை! இதற்கிடையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று 'ஜீவனி' பெயரையே அங்கே வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது.

தமிழ்நாட்டுப் பக்கம் பாபநாசம், பேச்சிப்பாறை மலைகளிலும் காணிகள் வாழ்கிறார்கள். ஆனால் அந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. அடுத்து இப்படி ஓர் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் இலை பறிக்கும் உரிமையை முதல் பக்கத்திலேயே எழுதட்டும்; மலையின் இரு பக்கத்துக் காணிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதட்டும்.