நுரை அடிக்கும் முன், வெப்பம் வரும் வழியைப் பாருங்கள்

பாசிர் ரிஸ் கடற்கரைக்கு அருகில் உள்ள தரைவீடு ஒன்றின் மேல்மாடி அறை. இரவு ஒன்பது மணி. வெளியே கடற்காற்று வீசுகிறது. உள்ளேயோ மின்விசிறி சுழன்றும் புழுக்கம் தீரவில்லை. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கூரை, வாங்கிய வெப்பத்தை இப்போது அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது.

இதற்குத் தீர்வு தேடினால் இணையத்தில் முதலில் கண்ணில் படுபவற்றில் ஒன்று தெளிப்பு நுரை. வீட்டுத் தரைக்கு அடியில் உள்ள இடைவெளியில் அதை அடிக்கச் சொல்லும் அறிவுரைகளும் சேர்ந்தே வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்குப் பொருள் உண்டு. அங்கே பல வீடுகளின் தரைக்குக் கீழே, ஆள் தவழ்ந்து போகும் உயரத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும். குளிர்காலத்தில் அதன் வழியே குளிர் ஏறும், குழாய்நீர்கூட உறைந்துபோகும்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். வெப்பம் மேலிருந்து வருகிறது. கம்பத்து வீடுகளைத் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியவர்கள் அடியில் காற்று ஓட இடம் விட்டார்கள். காலனித்துவக் காலக் கறுப்பு-வெள்ளை பங்களாக்கள் பலவும் அப்படித்தான் நிற்கின்றன. வீவக புளோக்குகளின் திறந்த கீழ்த்தளத்திலும் காற்று தடையின்றி ஓடுகிறது.

நுரை எப்படி வேலை செய்கிறது?

பாலியுரித்தேன் வேதியியலை 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் உருவாக்கினார். ஐசோசயனேட், பாலியோல் என்ற இரு திரவங்கள் தெளிப்புத் துப்பாக்கியில் கலந்து, சில நொடிகளில் பல மடங்கு பொங்கி இறுகுகின்றன. வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு அதன் நுண்ணறைகளில் சிறைப்பட்ட வாயுவுடையது.

நுரையில் இரு வகை உண்டு. திறந்த அறை நுரை பஞ்சுபோல மென்மையானது, விலை குறைவு. ஆனால் நீராவியை உள்ளே விடும். மூடிய அறை நுரை கெட்டியானது. நீரையும் நீராவியையும் பெரிதும் தடுக்கும். அதன் 50 மில்லிமீட்டர் தடிமன் தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க, இரண்டரை மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும்.

ஈரம் எந்தப் பக்கம்?

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 82 விழுக்காடு. நம் காற்று 24 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளிகள் படியத் தொடங்கும். ஐஸ் தேநீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். உயர்த்திக் கட்டிய மரத்தரைக்கு மேலே குளிரூட்டியை 21 டிகிரியில் ஓடவிட்டால், தரைப்பலகையின் அடிப்பகுதி அந்தக் குவளையாகிவிடும். பூஞ்சணம் அங்கே தொடங்குகிறது.

இப்படிப்பட்ட தரைக்கு அடியில் நுரை அடிப்பதென்றால் மூடிய அறை வகையே பொருந்தும். ஆனால் மேலிருந்து கசியும் நீர் கீழ்ப்புறமாக உலர வழியிராது. கறையான் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குளிரூட்டியை 25 டிகிரியில் வைப்பது செலவில்லாத முதல் மருந்து.

கூரையில் என்ன செய்யலாம்?

வெயிலில் கருநிற ஓட்டின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டக்கூடும். எனவே பணத்தைச் செலவிட ஏற்ற இடம் கூரைதான். ஆனால் ஓட்டின் அடியிலேயே நுரையை ஒட்டவிட்டால், பின்னர் ஓர் ஓடு உடைந்தாலும் மாற்றுவது பெரும்பாடு. கசிவு மறைந்திருந்து மரச்சட்டத்தை உளுக்கச் செய்யும். பிரிட்டனில் கூரையில் நுரை அடித்த வீடுகளுக்கு அடமானக் கடன் தர வங்கிகள் பல தயங்குவது இதனால்தான். ஓட்டுக்குக் கீழே வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள், உட்கூரைமேல் கழற்றக்கூடிய கண்ணாடியிழைப் போர்வை, வெளிர்நிறப் பூச்சு ஆகியவற்றை முதலில் எண்ணிப் பாருங்கள்.

வீவக வீட்டில் இருப்பவர்களுக்குக் கூரை பொதுச்சொத்து. அதில் கைவைக்க முடியாது. பல புளோக்குகளில் மொட்டைமாடிக்கு மேல் சிறு கால்களில் நிற்கும் இரண்டாவது பலகைக் கூரை உண்டு. வெயிலை அது வாங்கிக்கொள்ள, இடையில் உள்ள காற்று வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது. இதற்கான ஃபெரோசிமெண்ட் பலகைகளைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. பரமசிவமும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். கம்பத்து வீட்டில் அடியில் இருந்த காற்றிடைவெளி, இங்கே உச்சிக்கு ஏறியிருக்கிறது.

நுரைதான் என்று முடிவெடுத்தால்

குத்தகையாளரிடம் சில கேள்விகள் கேளுங்கள். எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர்? பொங்க வைக்கும் வாயு எது? பழைய வாயுக்கள் சில, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு புவியைச் சூடாக்குபவை. எரிந்தால் நச்சுப்புகை கக்கும் நுரையை ஜிப்சம் பலகையால் மூடுவார்களா?

தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வேலையாள் சுவாசக் கவசம் அணிய வேண்டும். வீட்டார் வெளியேறி, உற்பத்தியாளர் சொல்லும் நேரம் முடியும்வரை திரும்பக்கூடாது.

கடைசியாக, கசிவு ஏதும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒருமுறை இறுகிய நுரையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.