வளைந்த காலை நேராக்கணுமா? இருந்தபடி விடணுமா? மூட்டு மாற்று ஆபரேஷனில் 2 வழிகள்

வேலூர்,

லாங் பஜாரில் மூட்டை தூக்குபவர், ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் என பலரையும் 50 வயதுக்கு மேல் படுத்தி எடுப்பது முழங்கால் வலி. "ஆபரேஷன் பண்ணா வளைஞ்ச காலு நேராயிடுமா?" என்பதுதான் இவர்களது முதல் கேள்வி.

பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000-ம் ஆண்டு அக்டோபரில் இடது காலிலும், 2001-ம் ஆண்டு ஜூனில் வலது காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் மும்பையில் நடந்தது. செய்தவர் நியூயார்க் டாக்டர் சித்தரஞ்சன் ரானவத்.

இதில் தொடை எலும்பின் அடியையும், கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியையும் சீவிவிட்டு உலோக மூட்டு பொருத்துவார்கள். நடுவில் பிளாஸ்டிக் தகடு. எந்த கோணத்தில் சீவுவது என்பதில்தான் 2 வழிகள்.

தூக்குக்குண்டு கணக்கு

முதலாவது 'மெக்கானிக்கல் அலைன்மென்ட்'. கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். பல ஆண்டுகளாக நடப்பது இதுதான். எடை இருபுறமும் சமமாக இறங்கும். ஆனால் பிறவியிலேயே கால் வளைந்தவருக்கு தசைநாரை தளர்த்த வேண்டி வரலாம்.

பிறவி வளைவுப்படி

இரண்டாவது 'கைனமேட்டிக் அலைன்மென்ட்'. அமெரிக்க டாக்டர் ஸ்டீபன் ஹோவெல் 2006-ல் தொடங்கியது. தேய்வதற்கு முன் மூட்டு எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப அமைப்பார்கள். தசைநாரில் அதிகம் கைவைக்க தேவையில்லை.

இதற்கு காரணம் இருக்கிறது. பெல்ஜியத்தில் வலியே இல்லாத 250 இளைஞர், இளம்பெண்களை பரிசோதித்து 2012-ல் முடிவு வெளியிட்டனர். ஆண்களில் 32 சதவீதம், பெண்களில் 17 சதவீதம் பேருக்கு கால் இயற்கையிலேயே 3 டிகிரி அல்லது அதற்கு மேல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

ஆனால் வளைவு அதிகமானால் ஒரு பக்கமே பாரம் விழும் என்ற பயம் உண்டு. அதனால் சில டாக்டர்கள் ஓரளவு வளைவை மட்டும் விட்டுவைத்து, மீதியை நேராக்குகிறார்கள்.

எது நல்லது?

நியூசிலாந்தில் 99 முழங்கால்களில் 2 முறையையும் ஒப்பிட்டனர். 2017-ல் வெளியான முடிவில், 2 ஆண்டு கழித்தும் வலி, நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே 'புது முறை' என்ற விளம்பரத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்கணும். செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விலை வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் முதலிலேயே விசாரிப்பது நல்லது.

டாக்டரிடம் கேட்க வேண்டியது 3 கேள்விகள். என் கால் பிறவியிலேயே வளைந்ததா, தேய்மானத்தால் வளைந்ததா? எந்த முறையில் செய்வீர்கள், ஏன்? திரும்பவும் மூட்டை தூக்கலாமா?

எந்த முறையானாலும் அதிக பாரம் தூக்குவதும், குத்துக்காலிட்டு உட்காருவதும் புது மூட்டுக்கு ஆகாது. காலை நம்பி பிழைப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே மாற்று வேலைக்கும் வழி பார்த்து வைப்பது புத்திசாலித்தனம்.