மஞ்சள் விளக்கும் பெட்ரோல் ஆவியும்

(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பெட்ரோல் பங்கின் அருகே செல்லும்போது மூக்கைத் துளைக்கும் வாசனையை அறியாதார் இல்லை. வீணாகக் காற்றில் கலக்கும் எரிபொருளே அந்த வாசனை. காரை ஓட்டாமல் வெயிலில் நிறுத்தி வைத்தாலும் டேங்கிலுள்ள பெட்ரோல் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டில் பழுது நேர்ந்தால், இக்காலக் கார்களில் ஓட்டுநரின் முன்னே ஒரு மஞ்சள் விளக்கு எரிகின்றது. அப்பழுதை வீட்டிலேயே எவ்வளவு தூரம் நீக்கலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அமெரிக்கக் கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்குக் காண்போம்.

ஆவியைச் சிறைப்பிடித்த வரலாறு

1940-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் வாட்டியது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் அதன் காரணத்தை விளக்கினார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். ஆகவே கலிபோர்னியாவில் 1970-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கும், அடுத்த ஆண்டு மாதிரிகளுக்கு அமெரிக்கா முழுவதிலும் பெட்ரோல் ஆவித் தடுப்பு கட்டாயமாயிற்று.

இந்த ஏற்பாடு எளிமையானது. டேங்கில் எழும் ஆவி, குழாய் வழியே கரி நிரம்பிய ஒரு பெட்டிக்குச் செல்கின்றது. கரித்துகளின் பரப்பில் ஆவி ஒட்டிக்கொள்கின்றது. வகுப்பில் நாம் படிக்கும் ‘பரப்புக் கவர்ச்சி’ இதுதான். எஞ்சின் ஓடும்போது ‘பர்ஜ் வால்வு’ திறக்கும். எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். வெளிக்காற்று உள்ளே வருவதற்கு ‘வென்ட் வால்வு’ உண்டு. டேங்கினுள் இருக்கும் அழுத்தத்தை அளந்து சொல்ல ஒரு சென்சார் உண்டு.

சென்சார் சொல்வது என்ன?

பலரும் இந்தச் சென்சார் ஆவியை மோப்பம் பிடிப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் அது அறிவது அழுத்தத்தை மட்டுமே. 1996 மாதிரி முதல் அமெரிக்கக் கார்களில் வண்டியின் கணினி தானே இந்தச் சோதனையைச் செய்கின்றது. பல கார்களில், வால்வுகளை அடைத்து, டேங்கில் சிறிது வெற்றிடம் உண்டாக்கி, அது நிலைக்கின்றதா என்று சென்சார் மூலம் பார்க்கின்றது. 2000-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, அரை மில்லிமீட்டர் அளவுள்ள துளையையும் கண்டறிய வேண்டும் என்று விதி வந்தது.

எனவே விளக்கு எரிந்தவுடன் சென்சாரை மாற்றுவது, தீய செய்தி கொண்டுவந்த தூதனைத் தண்டிப்பது போன்றதாகும். பெரும்பாலும் சென்சார் உண்மையையே சொல்கின்றது. கசிவு வேறெங்கோ இருக்கின்றது.

படிப்படியான சோதனை

முதலாவதாக, பழுது எண்ணைப் படிக்க வேண்டும். ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கம் 16 முனைகள் கொண்ட செருகுவாய் இருக்கும். அதில் ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால் எண் தெரியும். பி 0455 என்றால் பெருங்கசிவு. பி 0442 சிறுகசிவு. பி 0456 மிகச் சிறு கசிவு. பி 0457 பெட்ரோல் மூடி தளர்ந்திருத்தல். பி 0452, பி 0453 என்பவையே சென்சாரின் மின்சைகை அளவுக்குக் குறைந்தோ மிகுந்தோ இருப்பதைக் குறிப்பன.

இரண்டாவதாக, மூடியைக் கவனியுங்கள். அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். அழுக்கு இருந்தால் துடைத்து, ‘கிளிக்’ என்னும் ஒலி கேட்கும்வரை திருகுங்கள். விளக்கு உடனே அணையாது. பழுதில்லாத சோதனைகள் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் முடிந்த பின்னரே அணையும். டேங்க் நிரம்பி வழிந்தாலோ, ஏறக்குறையக் காலியாக இருந்தாலோ அச்சோதனையே நடைபெறாது. ஆகவே சில நாள் பொறுத்திருத்தல் நலம்.

மூன்றாவதாக, குழாய்களைப் பாருங்கள். வெடிப்பு, கழன்ற முனை, எலிக்கடி ஆகியவை கண்ணுக்கே தெரியும்.

நான்காவதாக, பர்ஜ் வால்வு. எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் மின்செருகியையும், கரிப்பெட்டியிலிருந்து வரும் குழாயையும் கழற்றுங்கள். பின் எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல், வால்வின் வாயில் விரல் வையுங்கள். உறிஞ்சல் தெரிந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். பெட்ரோல் போட்ட பின் வண்டி கிளம்பத் திணறுவதும் இதன் அறிகுறியே.

கடைசியில்தான் சென்சார். மூடியைத் திறந்து வைத்தால் டேங்கின் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். அப்போது ஸ்கேனர் காட்டும் அழுத்த வேறுபாடு ஏறக்குறையச் சுழியாக இருக்க வேண்டும். இல்லையெனில் செருகியில் பாசியோ, கம்பியில் அறுவையோ உண்டா என்று பாருங்கள். இவை சீராக இருந்தும் அளவு தவறினால் மட்டுமே சென்சாரை மாற்ற வேண்டும்.

செய்யத் தகாதவை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பள்ளங்களில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே கசிவைத் தேட நெருப்புக்குச்சி கிழிப்பதும், டேங்கின் அருகே பற்றவைப்பு வேலை செய்வதும் உயிரோடு விளையாடுவதாகும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பினால் டேங்கில் அழுத்தம் ஏற்றலாகாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் புகலாகாது. பல கார்களில் சென்சார் டேங்கின் மேல்பகுதியில் இருக்கும். டேங்கை இறக்க வேண்டியிருந்தால் அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. கண்ணுக்குத் தெரியாத கசிவை அவர் குழாய்களில் புகை செலுத்திக் கண்டறிவார்.

மற்றொன்று: பங்கில் குழாய் தானே நின்ற பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று நிரப்பினால், பெட்ரோல் கரிப்பெட்டிக்குள் புகுந்து கரியைக் கெடுத்துவிடும்.

கரிப்பெட்டி இன்று நம் நாட்டுப் பெட்ரோல் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் உண்டு. விளக்கை அணைப்பதற்காகப் பழுது எண்ணை மட்டும் அழித்துவிட்டு ஓட்டுவோர் எங்கும் உளர். அதனால் விளக்கு அணையலாம், கசிவு நிற்காது. வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியிலிருந்து வெளியேறும் ஆவியை முதலில் சுவாசிப்பவர்கள் நம் வீட்டாரே. எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே சோதனையின் முறை. அம்முறையை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கற்கும் நாம், வண்டிக் கொட்டகையிலும் மறவாதிருப்போமாக!